ஓய்வூதியக்காரருக்கு டீசல் கார் எதற்கு?

பழைய டீசல் கார் ஒன்று வாங்கலாமா என்று இந்த வருடத்தில் மட்டும் என் வயதொத்தவர்கள் நாலைந்து பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். நான் வண்டி நிபுணன் அல்ல. கூட்டுறவுத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் தணிக்கை பார்த்தவன். ஆனாலும் ஆறேழு வருடமாக ஒரு பழைய டீசல் டிசையரை பாளையங்கோட்டையில் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன் மூன்று மாதம் வண்டி வண்டியாகப் பார்த்து அலைந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். ஏற்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

முதலில் ஒன்று. நம்மைப் போன்றவர்களில் பெரும்பாலானவர்களுக்கு டீசல் கார் தேவையில்லை. வாரத்துக்கு ஒரு தடவை கோயில், மாதத்துக்கு ஒரு கல்யாணம், இடையில் மார்க்கெட் என்று ஓட்டுகிறவர் பெட்ரோல் வண்டி வாங்குவதே நல்லது. டீசல் மலிவு என்ற நினைப்பு நம் தலைமுறைக்கு ஊறிப்போனது. அதற்குக் காரணமும் உண்டு. 2012 வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. அப்போது டீசல் ஸ்விஃப்டுக்குப் பணத்தைக் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு நீக்கியது. அதன்பின் இடைவெளி சுருங்கிவிட்டது. இன்றைக்குப் பெட்ரோல் 100 ரூபாயை ஒட்டி, டீசல் 92 ரூபாயை ஒட்டி நிற்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரே அளவுள்ள சின்னக் கார்களில் பெட்ரோல் வண்டி ஊருக்குள்ளும் வெளியிலுமாக லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தந்தால், டீசல் வண்டி 20 தரும். பெட்ரோலில் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6 ரூபாய் 70 காசு, டீசலில் 4 ரூபாய் 60 காசு. மிச்சம் 2 ரூபாய் சொச்சம். மாதம் 300 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு வருடத்தில் 7,000 ரூபாய்க்குச் சற்று மேல் மிஞ்சும். டீசல் ஃபில்டர், கூடுதல் ஆயில், பெரிய பேட்டரி, என்றைக்காவது வந்து நிற்கும் இன்ஜெக்டர் செலவு என்று எடுத்து வைத்தால் அந்த 7,000 அங்கேயே கரைந்துவிடும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கோ வருடத்தில் 24,000 ரூபாய். அதில் செலவு போகவும் கையில் நிற்கும்.

என் விஷயத்தில் அந்த 1,000 கிலோமீட்டர் தானாக வந்து சேர்ந்தது. என் வீட்டுக்காரிக்கு மதுரையில் வைத்தியம். மாதம் இரண்டு நடை. போக வர 320 கிலோமீட்டர். முட்டு வலியோடு பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப் போக முடியாது. வாடகைக் காருக்கு ஒரு நடைக்கு டிரைவர் பேட்டாவோடு 4,500 ரூபாய்க்குக் குறையாமல் ஆகிறது. சொந்த வண்டியில் 16 லிட்டர் டீசல், 1,500 ரூபாய்க்குள், அதோடு சுங்கக் கட்டணம். வைத்தியச் செலவைக் குறைக்க முடியாத வீட்டில் போக்குவரத்துச் செலவையாவது குறைக்கலாம் அல்லவா? அதோடு, ராத்திரி பத்து மணிக்கு மூச்சு முட்டுகிறது என்றால் யாருக்கும் போன் போட்டுக் காத்திருக்க வேண்டாம். இதற்கு நான் கணக்கில் விலை போடவில்லை. போட்டால் அதுதான் பெரிய தொகையாக இருக்கும்.

ஆக, மாதம் 800, 1,000 கிலோமீட்டர் ஓடும் என்று உறுதியாகத் தெரிந்தவர் மட்டும் மேற்கொண்டு படிக்கலாம்.

கையில் 3 லட்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 லட்சத்துக்கும் வண்டி தேடாதீர்கள். இரண்டரை லட்சத்துக்குள் தேடுங்கள். மீதி 50,000 வண்டிக்குள்ளேயே போகும். நாலு டயர், ஒரு பேட்டரி, எல்லா ஆயிலும் ஃபில்டரும், பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் என்று முதல் மாதத்திலேயே வரிசை கட்டி நிற்கும். கிளட்ச் தேய்ந்திருந்தால் அதுவும் சேரும். வைப்பு நிதியை முழுதாக உடைத்து வண்டி வாங்கிவிட்டு, டயருக்கு மகனிடம் கை நீட்டும் நிலைமை நமக்கு வேண்டாம்.

எந்த வண்டி என்பது அடுத்த கேள்வி. என் விதி எளிமையானது: உங்கள் தெருவிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுகிற வண்டியை வாங்குங்கள். அந்த வகையில் எனக்குப் பிடித்தது ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி டீசல் இன்ஜின். இத்தாலிக்காரர்கள் போட்ட அந்த ஒரே இன்ஜின்தான் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், டாடாவின் விஸ்டா, மான்சா, ஃபியட்டின் புன்டோ, லினியா என்று பல பெயர்களில் நம் ரோட்டில் ஓடியது. அதனால் உதிரி பாகம் தாராளம், கை பழகிய ஆளும் தாராளம். டைமிங்குக்கு பெல்ட் கிடையாது, செயின். குறித்த கிலோமீட்டரில் பெல்ட் மாற்றும் செலவு மிச்சம். ஆனால் ஆயிலைச் சரியாக மாற்றாதவன் கையில் இருந்த வண்டியில் அந்தச் செயினே கலகலவென்று சத்தம் போடும். ஸ்டார்ட் செய்த உடனே காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

டொயோட்டா எட்டியாஸின் 1,364 சிசி டீசலும் உழைக்கிற இன்ஜின். ஒரு சங்கடம், நல்ல எட்டியாஸில் பாதி வாடகைக்கு ஓடியவை. மஞ்சள் போர்டைக் கழற்றி வெள்ளை போர்டு மாட்டி விற்பார்கள். போர்டு மாற்றியது சட்டப்படி தவறில்லை, சொல்லாமல் விற்பதுதான் தவறு. ஆர்.சி.யை நன்றாகப் பார்த்தால் தெரிந்துவிடும். ஃபோர்டு டீசல்கள் ஓட்ட அருமையானவை, மைலேஜும் நன்றாகத் தரும். ஆனால் 2021-ல் அந்தக் கம்பெனி இங்கே கார் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. உங்கள் ஊரில் அதற்கென்று கை தேர்ந்த ஆள் இருந்தால் மட்டும் யோசியுங்கள். செவர்லே 2017-லேயே நம் நாட்டில் விற்பனையை நிறுத்திவிட்டது. விலை கொள்ளை மலிவாக இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் அதுதான்.

இளைஞர்கள் பார்க்காத ஒன்றை நாம் பார்க்க வேண்டும். கதவைத் திறந்து உட்கார்ந்து, எழுந்து பாருங்கள். வீட்டம்மாவையும் கூட்டிப்போய் உட்காரச் சொல்லுங்கள். ஸ்விஃப்டில் குனிந்து இறங்கி உட்கார வேண்டும். ரிட்ஸில் நாற்காலியில் உட்காருவது போல உட்காரலாம். ஆனால் ரிட்ஸின் டிக்கி சின்னது. மடக்கு வீல் சேர் வைக்க வேண்டியவர்களுக்கு டிசையர்தான் தோது.

வண்டியைப் பார்க்கக் காலையில் போங்கள். வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ணி வைக்காதீர்கள் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அவர் ஏதோ மறைக்கிறார். ஆறிக் கிடக்கும் டீசல் இன்ஜின் முதல் சுற்றில் பிடிக்க வேண்டும். பிடித்ததும் சைலன்சர் பக்கம் ஒரு ஆளை நிறுத்துங்கள். கறுப்புப் புகை விடாமல் வந்தால் காற்றோ டீசலோ சரியில்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, விட்டுவிடுங்கள். வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காவிட்டால் இன்ஜெக்டரோ ஹெட் கேஸ்கட்டோ தகராறு. இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று புகை வந்தால் உள்ளே தேய்ந்துபோயிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது நம்ம தொழில், கணக்கு. மீட்டரில் 70,000 கிலோமீட்டர் காட்டுவதை நான் நம்ப மாட்டேன். சர்வீஸ் பில்களைத் தேதி வாரியாகக் கேட்பேன். டீசல் கார் வாங்கியவர் ஓட்டாமல் வைத்திருக்க மாட்டார். பத்து வருட வண்டி 1,20,000 ஓடியிருந்து, ஒவ்வொரு சர்வீஸுக்கும் பில் இருந்தால் அதுவே என் வண்டி. கிளட்ச் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்க, மீட்டர் 50,000 என்று சொன்னால் இரண்டில் ஒன்று பொய். மீட்டரைத் திருத்தலாம், ரப்பரைத் திருத்த முடியாது.

நம் பக்கத்துக்காரர்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை புரண்டதை நாம் கண்ணால் பார்த்தோம். அதே மாதத்தில் சென்னையும் மிதந்தது. தண்ணீரில் நின்ற வண்டிகள் எல்லாம் காய்லாங்கடைக்குப் போய்விடவில்லை. கழுவித் துடைத்து, சென்ட் அடித்து விற்பனைக்கு வந்தவை உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு அங்கே நிற்கும். சீட்டுக்கு அடியில் போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கிறதா, ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளி மாநில வண்டி ஆசையும் வேண்டாம். டெல்லிப் பக்கம் பத்து வருடத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளுக்கு 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடையும், 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வண்டிகள் தெற்கே மலிவாக வந்து இறங்கின. ஆனால் இங்கே ஓட்ட வேண்டுமானால் அங்கிருந்து தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, நம் நம்பருக்கு மாற்ற வேண்டும். அலைச்சலையும் வரியையும் கூட்டினால் மலிவு காணாமல் போய்விடும்.

நம் மாநிலத்தில் சொந்த காருக்குப் பதிவு 15 வருடம். அதன்பின் எஃப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து பதினைந்து வருடம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணமே 5,000 ரூபாய் ஆகிவிட்டது. ஆகவே மாடல் வருடத்தை மட்டும் பார்க்காமல், 15 வருடம் முடிய இன்னும் எத்தனை வருடம் என்று பாருங்கள். எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இன்னும் நாலைந்து வருடம் நானே ஓட்டினால் பெரிது. வண்டியின் ஆயுளும் நம் ஓட்டும் ஆயுளும் ஏறத்தாழ ஒத்துப்போனால் போதும்.

பணம் கொடுக்கும் நாளில் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். லோன் வண்டி என்றால் படிவம் 35-ம் வங்கியின் கடிதமும் வேண்டும். பழகிய ஆள்தானே என்று பெயர் மாற்றாமல் ஓட்டுவது நம் ஊரில் சகஜம். நாளைக்கு ஒரு விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் கோர்ட்டுக்கு நடப்பார், ஓட்டியவர் இன்சூரன்ஸ் இல்லாமல் நிற்பார். இரண்டு பேருக்கும் நல்லதில்லை.

டீசல் புகை பேரப்பிள்ளைகளுக்குக் கேடு, இந்தக் காலத்தில் போய் டீசலா என்று என் மகன் கேட்டான். நியாயமான கேள்விதான். பழைய டீசல் வண்டியின் கரிப்புகை நல்லதென்று நான் சொல்ல மாட்டேன். என்னால் முடிந்தது, ஃபில்டரையும் ஆயிலையும் நாள் தவறாமல் மாற்றுவது, புகைச் சான்றை நேர்மையாக எடுப்பது, பக்கத்துக் கடைக்கு வண்டி எடுக்காமல் நடந்து போவது. அந்தக் கடைசி விஷயம் இன்ஜினுக்கும் நல்லது. “நிறுத்தியே வச்சிருந்தாலும் கெடும், தெருவுக்குள்ளயே ஓட்டுனாலும் கெடும் அண்ணாச்சி. நாலு வழிச்சாலையில கொஞ்சம் ஓட விடணும்லா” என்பார் என் மெக்கானிக். குறுகிய தூரமே ஓடும் டீசல் வண்டியில் கரி அடைத்துக்கொள்ளும். 2020-க்குப் பின் வந்த பி.எஸ்.-6 வண்டிகளில் கரி வடிகட்டி வேறு இருக்கிறது. அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளவும் நீண்ட ஓட்டம் வேண்டும்.

மருத்துவத்துக்கோ, வயல் பார்க்கவோ, மகளைப் பார்க்கவோ மாதாமாதம் தூரம் போகிறவர் என்றால் பில்லோடு கூடிய ஒரு பழைய டீசல் வண்டியைத் தைரியமாக வாங்குங்கள். வாங்குவதற்கு முன் உங்கள் மெக்கானிக்குக்கு ஒரு நாள் கூலி கொடுத்துக் கூடவே கூட்டிப் போங்கள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினால், கலர் எவ்வளவு பிடித்திருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். அடுத்த வாரம் இன்னொரு வண்டி வரும்.