இரவல் சங்கிலியும் மூன்று பில்லியன் டொலரும்

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதி. மண்ணெண்ணெய் இல்லாமல் வல்வெட்டித்துறைக் கரையில் பைபர் படகுகள் ஏற்றி விடப்பட்டிருந்தன. வலை திருத்திக்கொண்டிருந்த ஐயா ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, தை மாதம் மூண்டு பில்லியன் டொலர் இருக்கெண்டு சொன்னவை. அது எங்க போனது?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு மத்திய வங்கியின் அட்டவணைகளைப் புரட்டியபோதுதான் விளங்கியது. அந்தத் தொகையில் ஏறக்குறைய பாதி டொலரே அல்ல, சீன யுவான்.

2021 நவம்பர் முடிவில் நாட்டின் வெளிநாட்டு ஒதுக்கு சுமார் 1.6 பில்லியன் டொலர். டிசம்பர் முடிவில் அது 3.1 பில்லியன். ஏற்றுமதி ஒரு மாதத்தில் இப்படிக் கூடாது. 2021 மார்ச்சில் சீன மக்கள் வங்கியுடன் செய்த நாணயப் பரிமாற்றல் ஒப்பந்தத்தின்படி 10 பில்லியன் யுவான், அதாவது ஏறத்தாழ 1.5 பில்லியன் டொலர் பெறுமதி, கணக்கில் சேர்க்கப்பட்டது. யுவானை ஒதுக்காகக் காட்டுவதில் தவறு சொல்லவும் முடியாது. 2016 ஒக்டோபர் முதல் சர்வதேச நாணய நிதியத்தின் நாணயக் கூடையில் அதற்கும் இடம் உண்டு.

சிக்கல் நிபந்தனையில் இருந்தது. மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான ஒதுக்கு இருந்தால் மட்டுமே அந்த யுவானைச் செலவழிக்கலாம். இதை வெளிப்படையாகச் சொன்னவர் 2022இல் ஆளுநராக வந்த நந்தலால் வீரசிங்க. 2021இல் இறக்குமதிச் செலவு 20 பில்லியன் டொலருக்கு மேல். அப்படியானால் மூன்று மாதத்துக்கு 5 பில்லியன் வேண்டும். கையில் 5 இருந்தால் யாரிடம் போய்க் கேட்கப் போகிறோம்? கலியாண வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போகும் இரவல் சங்கிலி போலத்தான். பார்ப்பவர்களுக்குப் பவுன், அடகு வைக்க முடியாது.

இதற்கிடையில் 2022 ஜனவரி 18இல் 500 மில்லியன் டொலர் பிணைமுறிக் கடன் உண்மையான டொலரில் கட்டப்பட்டது. ஏப்ரல் 12இல் கடன் மீளச்செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். மே மாதத் தொடக்கத்தில் நிதியமைச்சர் அலி சப்ரி நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு: பாவிக்கக்கூடிய ஒதுக்கு 50 மில்லியன் டொலருக்கும் குறைவு. மொத்தத் தொகையோ அப்போதும் அட்டவணையில் பில்லியன்களில்தான் நின்றது.

கடன் ஒப்பந்தங்களிலும் இதே கவனம் வேண்டும். சீன எக்சிம் வங்கியின் சலுகைக் கடன்கள் யுவானில் எழுதப்படுகின்றன, அதே வங்கியின் முன்னுரிமைக் கொள்வனவாளர் கடன்கள் டொலரில். 2021 ஓகஸ்டில் சீன அபிவிருத்தி வங்கி தந்தது 2 பில்லியன் யுவான். செய்திகளில் எல்லாமே டொலராக்கப்பட்டு வருவதால் வாசகருக்கு வேறுபாடு தெரிவதில்லை. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது, புதிதாக ஒரு சதம் வாங்காமலே அந்தக் கடன்கள் ரூபாவில் பெருத்தன.

அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. ஐயா போன்றவர்களுக்குக் கணக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான்.

2024இல் ஒதுக்கு 6 பில்லியனைத் தாண்டியது, நிலைமை அன்றைப்போல் இல்லை. ஆனாலும் மத்திய வங்கியின் மாதாந்த அட்டவணைக்குக் கீழே, சிறு எழுத்தில், சுமார் 1.4 பில்லியன் டொலர் பெறுமதியான சீனப் பரிமாற்றல் பணம் பாவனை நிபந்தனைக்கு உட்பட்டது என்ற குறிப்பு வந்தது. ஐயாவிடம் கைபேசியில் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதை ஏன் மேல எழுதேல்லை?" என்றார். புதிய தொகை வெளிவரும்போது நான் இப்போது அந்தக் குறிப்பைத்தான் முதலில் தேடுகிறேன்.