சிறு விமான நிலையங்களும் சர்க்காரின் கடமையும்

சிறு பட்டணத்து ஜனங்களுக்கும் ஆகாய விமானப் பிரயாணம் எட்ட வேண்டும் என்ற நோக்கத்துடன் மத்திய சர்க்கார் 2016ஆம் வருஷத்தில் ‘உடான்’ என்னும் திட்டத்தை வகுத்தனர். 2017ஆம் வருஷம் ஏப்ரல் 27ந் தேதி அத்திட்டத்தின் முதல் விமானம் சிம்லாவிலிருந்து டில்லிக்குப் புறப்பட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பிரயாணத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேற்படாமல், பாதி ஆசனங்களுக்குக் கட்டணம் வரையறுக்கப்பட்டது. நோக்கம் சிலாக்கியமானது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆகாய மார்க்கம் தனவான்களுக்கு மட்டும் உரிய ராஜபாட்டையாக இருத்தலாகாது. ஆனால் குறைந்த கட்டணத்தில் பறக்கும் உரிமையை அளிப்பவர்கள், குறையாத பத்திரத்துடன் இறங்கும் உரிமையையும் அளிக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லவா? இதுவே நாம் இன்று கேட்க விரும்பும் கேள்வி.

விமான நிலையத்தைத் திறந்து வைப்பது ஒரு நாள் வேலை. அதைப் பேணிக் காப்பது ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய வேலை. திறப்பு விழாவுக்கு மந்திரிகள் வருவார்கள், மேளதாளம் முழங்கும், கல்வெட்டில் பெயர்கள் பொறிக்கப்படும். ஓடுபாதையின் வெடிப்பை அடைப்பதற்கு எந்த மந்திரியும் வருவதில்லை. வெயிலிலும் மழையிலும் கிடக்கும் பாதை நாளடைவில் பிளக்கிறது, பிளவுகளில் புல் முளைக்கிறது, கற்கள் பெயர்கின்றன, வெள்ளைக் கோடுகள் மங்குகின்றன, வடிகால் தூர்ந்து நீர் தேங்குகிறது. இவை அற்பக் குறைகள் என்று எண்ணுவோர் 2000ஆம் வருஷம் ஜூலை 25ந் தேதி பாரிஸ் நகரில் நேர்ந்த கோரத்தை நினைவுகூர்வாராக. ஒரு முழ நீளங்கூட இல்லாத உலோகத் தகடு ஒன்று ஓடுபாதையில் கிடந்தது. அது கான்கார்டு விமானத்தின் சக்கரத்தைக் கிழித்தது. விமானம் தீப்பற்றி விழுந்து 113 பேர் மாண்டனர். உலகப் பிரசித்தி பெற்ற நிலையத்திலேயே ஒரு துண்டுத் தகடு இவ்வளவு செய்யுமானால், கூட்டிப் பெருக்க ஆளில்லாத கிராமத்து ஓடுபாதையைப் பற்றி என்ன சொல்வது!

சுற்றுச்சுவரின் நிலைமையும் அப்படியே. 2014ஆம் வருஷம் நவம்பர் 6ந் தேதி சூரத் நிலையத்தில், டில்லிக்குக் கிளம்ப வேகமெடுத்து ஓடிய விமானம் ஓடுபாதையில் நின்ற எருமையின்மேல் மோதிற்று. அடுத்த வருஷம் டிசம்பர் 4ந் தேதி ஜபல்பூரில், தரையிறங்கிய விமானம் காட்டுப் பன்றிக் கூட்டத்தில் மோதி, ஒரு பக்கத்துச் சக்கரத் தாங்கி முறிந்து பாதையை விட்டு விலகிற்று. இரு சம்பவங்களிலும் பிரயாணிகள் உயிர் பிழைத்தது தெய்வாதீனம். தெய்வாதீனத்தை நிர்வாகத்தின் சாமர்த்தியமாகக் கணக்கெழுதிக் கொள்ளலாகாது. எருமைக்கும் பன்றிக்கும் விமானச் சட்டம் தெரியாது. சுவரில் இடைவெளி விடலாகாதென்று அறிந்திருக்க வேண்டியவர்கள் உத்தியோகஸ்தர்கள். பறவைகளையும் மிருகங்களையும் கவரக்கூடிய குப்பைகூளங்களை நிலையத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் வட்டத்துக்குள் கொட்டலாகாதென்று 1937ஆம் வருஷத்து விமான விதிகளின் 91வது விதி திட்டமாகக் கூறிற்று. விதியை எழுதிவிட்டால் குப்பை தானே அகன்றுவிடுமா? நகரசபையும் பஞ்சாயத்தும் நிலைய அதிகாரிகளும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருக்கும் வரையில் பருந்துகளுக்குக் கொண்டாட்டந்தான்.

“நாளொன்றுக்கு ஒன்றிரண்டு விமானங்கள் வரும் இடத்தில் தீயணைப்புப் படை எதற்கு? செலவு கட்டுமா?” என்று சிலர் கேட்கின்றனர். பார்வைக்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாதத்துக்கு அமெரிக்கா கொடுத்த விலையை அவர்கள் அறிந்துகொள்வது நலம். அந்நாட்டில் இல்லினாய் மாகாணத்தைச் சேர்ந்த குவின்ஸி என்னும் சிற்றூர் நிலையத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லை. விமானிகள் தமக்குள் வானொலி மூலம் பேசிக்கொண்டே ஏறவும் இறங்கவும் வேண்டும். 1996ஆம் வருஷம் நவம்பர் 19ந் தேதி, அங்கு இறங்கிய பிரயாணி விமானமும், குறுக்கே செல்லும் பாதையில் கிளம்பிய வேறொரு விமானமும் சந்தியில் மோதிக்கொண்டன. இரண்டிலும் இருந்த 14 பேரும் மாண்டனர்.

இதில் நெஞ்சை உலுக்கும் விஷயம் யாதெனில், பிரயாணி விமானத்தில் இருந்தவர்கள் மோதலினால் சாகவில்லை. அவர்கள் உயிருடன் இருந்தார்கள்; கதவு திறக்கவில்லை; ஓடி வந்தவர்கள் முயன்றும் பலிக்கவில்லை. பட்டணத்திலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் புகையும் நெருப்பும் அவர்களைக் கொண்டுபோயின. தக்க தீயணைப்பு வசதி இல்லாமையும் உயிர்ச்சேதத்தைப் பெருக்கிற்றென்று அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தீர்ப்புச் சொல்லிற்று. அங்கே படை ஏன் இல்லை? 30க்கு மேற்பட்ட ஆசனங்களுள்ள விமானங்களுக்கே அது கட்டாயம் என்று அன்றைய சட்டம் வகுத்திருந்தது. வந்த விமானத்துக்கோ ஆசனங்கள் 19தான்! ஆசனத்தை எண்ணி உயிருக்கு மதிப்புப் போடும் சட்டத்தை எந்தத் தர்மம் ஒப்பும்? 10 முதல் 30 ஆசனங்களுள்ள பிரயாணி விமானங்கள் வரும் நிலையங்களையும் சட்டத்தின் வரம்புக்குள் கொணரும் விதி 2004ஆம் வருஷத்திலேதான் பிறந்தது. பதினான்கு பிணங்களின்மேல் எழுதப்பட்ட விதியென்றே அதைக் கூறவேண்டும்.

ஓடுபாதையின் எந்தக் கோடிக்கும் தீயணைப்பு வண்டி மூன்று நிமிஷத்துக்குள் சென்று சேரவேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஸ்தாபனம் வகுத்துள்ள அளவு. நெருப்புக்குப் பெரிய நிலையம், சிறிய நிலையம் என்ற பேதம் கிடையாது. சொல்லப்போனால், பெரிய நகரத்தில் உதவிக்கு ஆஸ்பத்திரியும் வைத்தியரும் வண்டியும் அருகில் உண்டு. கிராமத்து நிலையத்துக்கோ இவை யாவும் தூரம். ஆகையால் எங்கே உதவி தூரமோ, அங்கே முன்னேற்பாடு அதிகமாக இருத்தல் வேண்டும். நம் நிர்வாகிகள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கின்றனர்.

நம் தேசத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. உடான் திட்டத்தின் முதல் மூன்று கட்டங்களில் ஒதுக்கப்பட்ட 774 மார்க்கங்களில் 403 மார்க்கங்கள் ஆரம்பிக்கப்படவே இல்லையென்றும், ஆரம்பித்த 371இல் மூன்று வருஷ சலுகைக் காலத்தை முடித்தவை 112 மாத்திரமே என்றும் கணக்குத் தணிக்கைத் தலைவர் 2023ஆம் வருஷத்தில் அறிக்கை கொடுத்தார். விமானம் வராத நிலையத்தில் சம்பளத்துக்கு ஆள் இராது. ஆள் இல்லாத இடத்தில் புல் வளரும், சுவர் சரியும். பிறகு ஏதோ ஒரு நாள் மீண்டும் விமானம் வரப்போகிறதென்று சுண்ணாம்பு பூசி, கோடு போட்டு, மாலை கட்டினால் போதுமா? பூட்டிக் கிடந்த வீட்டில் குடிபுகுமுன் கூரையைச் சோதிக்காத குடியானவன் உண்டா?

ஆகவே நாம் வற்புறுத்துவது இதுதான். முதலாவது, புது நிலையம் கட்ட ஒதுக்கும் பணத்தோடு, அதை வருஷந்தோறும் பராமரிப்பதற்கான பணத்தையும் சட்டபூர்வமாக ஒதுக்கிவைக்க வேண்டும். இரண்டாவது, சுற்றுச்சுவர் முழுமையாக எழும்பி, தீயணைப்பு வண்டியும் பயிற்சி பெற்ற ஆட்களும் நிலையத்திலேயே இருந்தாலன்றிப் பிரயாணி விமானம் ஒன்றுகூட இறங்க அனுமதி அளிக்கலாகாது. மூன்றாவது, பரிசோதகர்கள் கண்ட குறைகளையும், அவற்றைத் தீர்த்த தேதிகளையும் அந்தந்த ஊர் ஜனங்கள் படிக்கும் பாஷையிலே பிரசுரிக்க வேண்டும். குறையை மூடிவைப்பதால் கௌரவம் உயர்வதில்லை, ஆபத்தே உயர்கிறது.

சிறு நிலையத்தில் இறங்குகிறவனும் இத்தேசத்தின் பிரஜை. சீட்டின் விலையைக் குறைத்தார்கள், மெத்த சந்தோஷம். அவன் உயிரின் விலையையும் சேர்த்துக் குறைக்க எவருக்கும் அதிகாரம் கொடுக்கப்படவில்லை. விபத்துக்குப் பின் விசாரணைக் கமிஷன் அமைப்பதற்கு ஆகும் செலவைக் காட்டிலும், விபத்துக்கு முன் ஒரு சுவரை அடைப்பதற்கு ஆகும் செலவு சொற்பமே. சர்க்கார் இதை இப்பொழுதே உணர்வார்களாக.