யார் கையில் எந்த டம்ளர்?

ஜார்ஜியாவில் விருந்து என்றால் ‘தமடா’ என்று ஒருவர் இருப்பார். அவர் எழுந்து வாழ்த்துச் சொன்ன பிறகுதான் ஒயின் கோப்பைகள் உயரும். ஜப்பானில் பக்கத்தில் இருப்பவருக்கு நீங்கள் ஊற்ற வேண்டும், உங்களுக்கு அவர் ஊற்றுவார். நம் ஔவையும், அதியமான் இறந்தபோது, அவன் கள்ளைப் பகிர்ந்துகொண்ட விதத்தைச் சொல்லித்தான் புறநானூற்றில் அழுகிறாள். சேர்ந்து குடிப்பவர்கள் சமம் என்பதுதான் இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை.

கொங்கு மண்டலத்திலும் ஒரு ‘குடிப் பண்பாடு’ உண்டு. அதன் பெயர் இரட்டைக் குவளை.

வால்பாறைத் தேயிலையின் கதையே சாதியின் கதைதான். காட்டை அழித்துத் தோட்டம் போட, பஞ்சத்திலும் கடனிலும் கிடந்த தலித் மக்களைக் கங்காணிகள் முன்பணம் கொடுத்து மலையேற்றினார்கள். மலேரியாவில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. எஸ்டேட் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் எழுதிய ‘ரெட் டீ’ நாவல், தமிழில் ‘எரியும் பனிக்காடு’, அந்த வாழ்க்கையைத்தான் சொல்கிறது. அந்தக் கைகள் கிள்ளிய கொழுந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிச் சமவெளிக்கு இறங்கியது. அங்கே டீயாகக் கொதித்தபோது, அதே சாதிக்காரர்களுக்குச் சிரட்டையும் தனி டம்ளரும் காத்திருந்தன. இலையைத் தொட்டால் தீட்டில்லை, கிளாஸைத் தொட்டால் தீட்டு!

“அதெல்லாம் அந்தக் காலம்” என்பார்கள். கள ஆய்வுக்காக வால்பாறைக்கும் சமவெளிக்கும் போய்வரும் நான் கீழே ஒரு கிராமத்து டீக்கடையில் பார்த்தது இது. கண்ணாடி கிளாஸ்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. அருந்ததியர் தெருவிலிருந்து வந்த பெரியவருக்கு மட்டும் பேப்பர் கப். கேட்டால், “கொரோனாவுக்கு அப்புறம் இப்படித்தானுங்க, சுத்தம் பாருங்க” என்றார் கடைக்காரர். என்னைப் பற்றி அவராகவே ஒரு முடிவுக்கு வந்து எனக்குக் கண்ணாடி கிளாஸைத்தான் நீட்டினார். கிருமி சாதி பார்த்தா ஒட்டுகிறது? சுகாதாரம்தான் காரணம் என்றால் எல்லோருக்கும் பேப்பர் கப் கொடுக்கட்டும். ஆளைப் பார்த்துக் கொடுத்தால் அது தீண்டாமை. சிரட்டை பேப்பராகியிருக்கிறது, அவ்வளவுதான். கழுவும் வேலையும் மிச்சம், கண்ணுக்குத் தெரியும் சாட்சியமும் மிச்சமில்லை.

அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்து 70 ஆண்டுகளுக்கு மேலாகிறது. உணவகப் பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது குற்றம் என்று 1955ஆம் ஆண்டுச் சட்டமே வெளிப்படையாகச் சொல்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. ஆனாலும் புகார் கொடுப்பவர் மறுநாள் வேலைக்குப் போக வேண்டியது அதே ஆதிக்கச் சாதிக்காரரின் தோப்புக்குத்தான். எனவே புகார் வரட்டும் என்று காத்திருக்காமல், அதிகாரிகள் தாங்களாகவே கடைகளில் சோதனை நடத்தி வழக்குப் பதிய வேண்டும். பேப்பர் கப் பாகுபாட்டையும் தீண்டாமையாகவே பதிவு செய்ய வேண்டும்.

1927 மார்ச் 20 அன்று மகத் குளத்தில் அம்பேத்கர் ஒரு கை நீர் அள்ளிக் குடித்தார். தாகம் தீர்க்க அல்ல, எல்லோரும் குடிக்கும் நீரில் தமக்கும் உரிமை உண்டு என்று நிறுவ. தோழர்களே, அடுத்த முறை டீக்கடையில் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர் கையைப் பாருங்கள். அவருக்குப் பேப்பர் கப் என்றால், உங்கள் கிளாஸைத் திருப்பி வைத்துவிட்டு ஏன் என்று சத்தமாகக் கேளுங்கள். கேட்டால் வேலை போகும் என்ற பயம் அவருக்கு இருக்கிறது. நமக்கு என்ன தடை?