யாருக்குப் பரீட்சை?

ஒட்டுசுட்டானிற் கோயில் கொண்டிருக்கும் ஈசன் தான்தோன்றீசுவரன். தானே தோன்றியவன், ஆகவே தந்தையின் பிறப்புச் சான்றிதழை அவனிடம் எவரும் கேட்டதில்லை. மனிதருக்கோ அந்த வாய்ப்பு இல்லை.

இலண்டனில் வாழும் என் தமக்கையார் அண்மையிற் பிரித்தானியப் பிரசாவுரிமைப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்தார். 24 வினாக்கள், 45 நிமிடங்கள், பதினெட்டுக்கேனும் சரியான விடை தேவை. எட்டாம் ஹென்றியின் மனைவியர் அறுவரையும் தொலைபேசியில் என்னிடம் ஒப்புவித்தார். ஊரிற் சிலர் இதைக் கேட்டுச் சினந்தனர். அச்சினத்தில் நியாயம் உண்டு. அந்நாட்டிற் பிறந்தவனிடம் கேளாத வினாவை வந்தவரிடம் மட்டும் கேட்பது சமத்துவமாகாது. ஆயினும் அப்பரீட்சைக்கு நூல் உண்டு, படித்தால் தேறலாம், தவறினால் மீண்டும் எழுதலாம்.

நம் நாட்டில் நிகழ்ந்த பரீட்சையோ படித்துத் தேறக்கூடியதன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையோ, அன்றேல் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. சொற்கள் எல்லோர்க்கும் பொது. அடி விழுந்ததோ மலையகத் தமிழர்மீது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் மணமானோர்க்கு ஏழாண்டு, ஏனையோர்க்குப் பத்தாண்டு இடையறாத வதிவை விதித்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1964இன் சிறிமா–சாத்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000 என மாந்தரைப் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்ப்போம் என ஒதுக்கியது. தேயிலை வளர்த்து இந்நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டிய உழைப்பு எவ்வினாவுக்கும் விடையாகக் கொள்ளப்படவில்லை. நாடற்றோர் நிலை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது.

இவை யாவும் அரசின் குற்றம் என்று கூறி நாம் கைகழுவ இயலுமா? அன்று வடபுலத் தலைமைதானும் ஒருமித்து நிற்கவில்லை. 1948இல் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அமைச்சரானார், செல்வநாயகம் பிரிந்து சென்று 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1977ஆம் ஆண்டு வன்செயலின்பின் மலையகக் குடும்பங்கள் பல வன்னிக்கு வந்தன. காடு வெட்டின, நம் வயல்களிற் கூலிக்கு நின்றன. நாம் அவர்களுக்கு இட்ட பெயர் ‘தோட்டக்காட்டான்’. என் வகுப்பறையிலேயே அச்சொல்லைக் கேட்டேன். சொல்லப்பட்டவன் தலைகுனிந்தான், நானும் பிறரோடு சேர்ந்து சிரித்தேன். இன்று அதை எழுதும்போது கை கூசுகிறது.

அவர்கள் பிழைப்புத் தேடி வந்தவர்கள்தாமே என்பர் சிலர். அங்ஙனமாயின் என் தமக்கையார் இலண்டனுக்கு எதைத் தேடிச் சென்றார்?

குடியியற் பரீட்சை எழுத வேண்டியவர்கள் நாமே. காணி உறுதியில், கோயிற் பரிபாலன சபையில், மணப்பந்தலில் அவர்களைச் சமமாக ஏற்கின்றோமா? இவ்வினாக்களுக்குப் பல்கலைக்கழகத்திற் படிக்கும் நாம் முதலில் விடையளிப்போம். அதன் பின்னர் இலண்டனிடம் நியாயம் கேட்போம்.