மித்தி நதியும் குடிமைப் பொறுப்பும்

2005 ஆம் ஆண்டு யூலை 26 ஆம் நாள், மும்பையின் சாந்தாக்ரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீற்றர் மழை பொழிந்தது. மித்தி நதி கரைபுரண்டது, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பழியோ கரையோரக் குடிசைவாசிகள் மீதும் அவர்கள் வீசிய பிளாஸ்டிக் பைகள் மீதும் சுமத்தப்பட்டது. ஆனால், விமான ஓடுபாதைக்காக அந்நதியின் போக்கைத் திருப்பியோர் குடிசைவாசிகளா? சதுப்பு நிலத்தை நிரப்பிப் பாந்திரா–குர்லா வணிக வளாகத்தை எழுப்பியோர் அவர்களா? குப்பையைத் தொட்டியில் இடுவதோடு குடிமைப் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. நகரைத் திட்டமிடுவோரிடம் கணக்குக் கேட்பதும் அப்பொறுப்பேயாகும். ஏழையின் குடிசையை ஆக்கிரமிப்பென இகழ்ந்து, வலியோனின் ஆக்கிரமிப்பை அபிவிருத்தியெனப் போற்றும் சமூகம் அடுத்த வெள்ளத்துக்குத் தானே வழி சமைக்கின்றது.