பல் போய்ப் பத்து வருஷமாச்சா? இன்னும் வழி இருக்கிறது



பல் வலி வந்தால் நாம் என்ன செய்கிறோம்? கிராம்பை வைத்து அழுத்திக்கொண்டு வேலைக்குப் போகிறோம். லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்ற பயம். கடைசியில் தாங்க முடியாமல் பல்லைப் பிடுங்கிவிட்டு, "விட்டது சனியன்" என்று வந்துவிடுகிறோம். அப்புறம் பத்து வருஷம் அந்தப் பொக்கையோடு ஓடுகிறது. பிள்ளைகள் சம்பாதிக்கத் தொடங்கியதும், "இம்பிளாண்ட் வைக்கலாமா?" என்று கேட்கிறோம்.

வைக்கலாம். டைட்டானியம் என்ற உலோகத்தில் செய்த சின்னத் திருகாணியைத் தாடை எலும்புக்குள் வைக்கிறார்கள். எலும்பு அதை இறுகப் பற்றிக்கொள்கிறது. சுவீடன் நாட்டு டாக்டர் பிரனெமார்க் 1965-இல் இதை ஒரு நோயாளிக்குச் செய்து காட்டினார். பிடிப்பு உறுதியாகப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதம் ஆகும். அதன் மேல் பல்லை மாட்டுவார்கள்.

ஆனால், பற்றிக்கொள்ள எலும்பு வேண்டுமே! பல் போனால் அந்த இடத்து எலும்புக்கு வேலை இல்லை, கரைந்துபோகும். முதல் வருஷத்திலேயே அதன் அகலம் பாதியளவு குறைந்துவிடலாம். பக்கத்துப் பல் சாயும். எதிர்ப்பல் காலி இடத்தைத் தேடி நீண்டு வரும். அதனால்தான் நாள்பட்டவர்களுக்கு முதலில் ஸ்கேன் எடுக்கிறார்கள். சிலருக்கு எலும்பு வைத்துக் கட்டும் ஆப்பரேஷனும் தேவைப்படும். தனியார் கிளினிக்கில் ஒரு பல்லுக்கே ஆயிரக்கணக்கான வெள்ளி ஆகும்.

என் கருத்தைச் சொல்கிறேன். வயசாகிவிட்டது என்று ஒதுங்க வேண்டாம். வயசு மட்டும் தடையில்லை. ஆனால் இனிப்புநீர் கட்டுக்குள் இல்லாதவர்களும், ஈறு நோய் உள்ளவர்களும், சிகரெட் பிடிப்பவர்களும் முதலில் அதைச் சரி செய்யணும். இல்லாவிட்டால் போட்ட காசு வீணாகலாம். எலும்புத் தேய்வுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரிடம் மறைக்கக் கூடாது. நகையை அடகு வைத்து இம்பிளாண்ட் போடத்தான் வேண்டும் என்பதில்லை. கழற்றி மாட்டும் பல்செட்டில் வெட்கம் ஏதுமில்லை; அரசாங்கப் பல் கிளினிக்கில் குறைந்த கட்டணத்தில் கிடைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இருக்கிற பல்லைக் காப்பாற்றுங்கள். பிடுங்கத்தான் வேண்டும் என்றால், "இந்த இடத்தில் அடுத்து என்ன வைப்பது?" என்று அன்றைக்கே கேளுங்கள்.

சம்பளம் போகுமே என்ற பயமா? 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 60எஃப் பிரிவைப் பாருங்கள். பல் டாக்டர் பரிசோதித்துத் தரும் மருத்துவ விடுப்புக்கும் சம்பளம் உண்டு. வருஷத்துக்கு உங்களுக்குரிய 14, 18 அல்லது 22 நாளில் அது சேரும். 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குத் தெரிவித்துவிடுங்கள். மறுத்தால் சங்கத்திடம் வாருங்கள்.

பல்லு போனா சொல்லு போச்சு என்பார்கள். உரிமையைக் கேட்கிற வாய்க்குச் சொல்லும் வேணும், பல்லும் வேணும்!