சதுப்புக்கு வந்த பழி

தமிழில் 'அளறு' என்று ஒரு சொல் உண்டு. சேறு, குழைந்த நிலம் என்று பொருள். திருக்குறளில் அதே சொல் நரகம் என்ற பொருளிலும் வருகிறது. சேற்றில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டுக்கொண்டே சேற்றை நரகத்துக்குப் பெயராக வைத்திருக்கிறோம். ஆகவே சதுப்பு நிலத்தின் மேல் பழி போட்டவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டுமே என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இன்று நம் வீட்டுப் பிள்ளைகளின் மனத்தில் சதுப்பு என்றால் என்ன படம் தோன்றுகிறதோ, அது பெரும்பாலும் ஆங்கில மாயக் கதைகளிலிருந்து வந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஓய்வு பெற்ற ரயில்வே பொறியாளனுக்கு மாயக் கதைகளில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பேரன் படிக்கிறான், நானும் படிக்கிறேன். அவன் கதைக்காகப் படிக்கிறான். நான் புத்தகத்தோடு வரும் வரைபடத்துக்காகப் படிக்கிறேன். மண் கரை போட்டுத் தண்டவாளம் நிறுத்துவதிலேயே முப்பது வருஷத்துக்கு மேல் கழித்தவனுக்கு, எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் முதலில் எழும் கேள்வி, 'இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது' என்பதுதான். கற்பனை நாடாக இருந்தாலும் தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓடவேண்டும்.

இந்தக் கேள்வியில் முழு மதிப்பெண் வாங்குபவர் டோல்கீன். அவருடைய 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954-லும் 1955-லும் மூன்று பாகங்களாக வெளிவந்தது. அதில் மூன்று சதுப்புகள் முக்கியமானவை. மூன்றும் வேறு வேறு ரகம்.

எல்லோருக்கும் தெரிந்தது 'டெட் மார்ஷஸ்', அதாவது செத்த சதுப்பு. ஃப்ரோடோ, சாம் என்ற இரண்டு குள்ளர்களைக் கால்லம் என்ற பிராணி அதன் வழியாக அழைத்துப் போகிறது. (இந்தப் பெயரைப் பேரன் சொல்லும்போதெல்லாம் எனக்குச் செங்கோட்டை - கொல்லம் பாதைதான் ஞாபகம் வருகிறது.) ஆண்டுயின் என்ற பெரிய ஆறு மலையிலிருந்து அருவியாக விழுந்து சமவெளிக்கு வருகிறது. அங்கே இன்னொரு ஆறு பல வாய்களாகப் பிரிந்து அதில் வந்து கலக்கிறது. சரிவு போய்விட்ட இடம். தண்ணீர் ஓடத் தெரியாமல் பரவி நிற்கிறது. அதற்குக் கிழக்கே குன்றுகளிலிருந்து இறங்கும் ஓடைகள் தேங்கும் பள்ளம்தான் செத்த சதுப்பு. என்னை அங்கே சர்வே செய்ய அனுப்பியிருந்தாலும் அந்த இடத்தில்தான் சதுப்பு என்று குறித்திருப்பேன்.

அந்தச் சதுப்பின் தாவர வகைகளைப் பார்த்தால் பரிதாபம். காய்ந்த புல், அழுகும் நாணல், கறுத்த நீரின் மேல் பாசிப் படலம். பச்சை என்றால் அந்தப் பாசி ஒன்றுதான். பறவை கிடையாது. பாம்பும் புழுவும் உண்டு என்று கால்லம் சொல்கிறது. நீருக்கடியில், மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் நடந்த போரில் மாண்டவர்களின் முகங்கள் தெரிகின்றன. மேலே சின்னச் சின்ன விளக்குகள் மிதந்து ஆளை அழைக்கின்றன. படத்தில் இந்தக் கட்டம் வந்தபோது பேரன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

இதில் எவ்வளவு கற்பனை, எவ்வளவு நிஜம் என்று ஆராய்ந்தால் சுவாரசியமாக இருக்கிறது. விளக்குகள் நமக்குப் பழக்கமானவைதாம். ஊரில் கொள்ளிவாய்ப் பிசாசு என்போம். இங்கே வங்காளிகள் 'ஆலேயா' என்கிறார்கள். சேற்றில் இலையும் வேரும் காற்றில்லாமல் மக்கும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. இத்தாலியில் வோல்ட்டா என்ற விஞ்ஞானி 1776-ல் ஏரிச் சேற்றைக் கிளறி, குமிழியாக வந்த அந்த வாயுவைப் பிடித்துக் கொளுத்திக் காட்டினார். அது தானாக எப்படிப் பற்றிக்கொள்கிறது என்பதில் ரசாயனக்காரர்களுக்குள் இன்னும் விவாதம் உண்டு. பிசாசு இல்லை என்பதில் விவாதம் இல்லை.

பிணங்களும் வெறும் புளுகு அல்ல. டென்மார்க்கில் 1950-ல் மக்கு வெட்டிய ஆட்களுக்கு ஒரு மனித உடல் கிடைத்தது. முகத்தில் தாடிக் குத்து வரை தெரிந்ததால் அண்மையில் நடந்த கொலை என்று போலீசுக்குச் சொல்லி அனுப்பினார்களாம். பார்த்தால் வயது இரண்டாயிரத்து நானூறு ஆண்டு! டொல்லுண்ட் மனிதன் என்று பெயர் வைத்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். இதற்குக் காரணம் ஸ்பாக்னம் என்ற பாசி. தன் எடையைப் போல இருபது மடங்கு வரை தண்ணீர் குடிக்கும். தான் இருக்கும் நீரைப் புளிக்க வைக்கும். அந்தப் புளித்த, காற்றில்லாத நீரில் தோல் பதனிட்டது போல் கெட்டிப்படுகிறது. எலும்புதான் கரைந்து போகும். நாணல் செழிக்கிற சாதாரணச் சதுப்பில் நேர்மாறாக, தோலும் சதையும் போய் எலும்பு மிஞ்சும். ஆகவே நாணல் சதுப்பில் முகங்களை வைத்தது டோல்கீன் செய்த தாவரவியல் பிசகு என்று பேரனிடம் சொன்னேன். "தாத்தா, அதைத் தொட முடியாது, வெறும் உருவம்தான்னு கால்லமே சொல்லுதே" என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டினான். சரி, ஆட்சேபத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கதையை மட்டும் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாமல் போகிறது. டோல்கீன் முதல் உலகப் போரில் சிக்னல் அதிகாரியாக 1916-ல் பிரான்சின் சோம் போர்முனையில் இருந்தவர். குண்டு விழுந்த பள்ளங்களில் மழைநீர் தேங்கி, அதற்குள் மனிதர்களும் குதிரைகளும் கிடந்த நிலம் அது. செத்த சதுப்பு அந்த வட பிரான்சுக்கு ஓரளவு கடன்பட்டது என்று 1960-ல் ஒரு கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். அதாவது அந்த இடத்தைச் சாகடித்தது மனிதனின் சண்டை. சேற்றின் மேல் குற்றம் இல்லை. கதையிலும் அந்தச் சதுப்புதானே அந்த இரண்டு பேரையும் காப்பாற்றுகிறது? எதிரிப் படைகள் அதற்குள் வராது என்பதால்தான் அந்த வழியாகப் போகிறார்கள்.

அவருடைய மற்ற இரண்டு சதுப்புகளையும் யாரும் பேசுவதில்லை. ஒன்று 'மிட்ஜ்வாட்டர்', கொசுத் தண்ணீர். பெயருக்கேற்ற கொசு, ராத்திரி முழுக்கக் காதைத் துளைக்கும் பூச்சிச் சத்தம், இடம் மாறிக்கொண்டே இருப்பதால் நிலையான தடம் ஒன்றும் கிடையாது. நான் பார்த்த சதுப்புகளெல்லாம் இந்த ஜாதிதான். மற்றது 'கிளாடன் ஃபீல்ட்ஸ்'. கிளாடன் என்பது ஐரிஸ் செடிக்குப் பழைய ஆங்கிலப் பெயர். ஆற்றங்கரை முழுவதும் ஆள் உயரத்துக்கு மஞ்சள் பூவும் நாணலும் கோரையுமாக நிற்கும் இடம். கதைக்கு மூலமான மோதிரம் தொலைந்ததும் கிடைத்ததும் அங்கேதான். மஞ்சள் ஐரிஸ் நிஜச் செடி. ஐரோப்பாவில் சாக்கடை நீரைச் சுத்தம் செய்யும் நாணல் பாத்திகளில் அதையும் நடுகிறார்கள். இப்படிப்பட்ட சதுப்பையும் எழுதிய மனிதரிடமிருந்து உலகம் எடுத்துக்கொண்டது செத்ததை மட்டும்.

பின்னால் வந்தவர்கள் இன்னும் மோசம். 1973-ல் வந்த 'தி பிரின்சஸ் பிரைட்' கதையில் தரையிலிருந்து நெருப்புப் பீறிடுகிறது, மணல் ஆளை விழுங்குகிறது, நாய் அளவு எலி பாய்கிறது. அது கேலிக்காக எழுதியது, மன்னித்துவிடலாம். மிஹாயேல் எண்டே 1979-ல் எழுதிய 'முடிவில்லாத கதை'யில் துக்கச் சதுப்பு என்று ஒன்று. அதில் குதிரை முழுவதுமாக அமிழ்ந்து போகிறது. குழந்தைகள் அழுகிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை. சேற்றின் அடர்த்திதான் நினைவுக்கு வந்தது. புதைமணல் மனித உடம்பைவிடச் சுமார் இரண்டு மடங்கு கனம். இடுப்பளவு இறங்கலாம், சிக்கிக்கொள்ளலாம், வெள்ளம் ஏறினால் சாகலாம். தலைவரை உள்ளே இழுக்காது.

உண்மையில் சதுப்பு விழுங்குவது பொறியாளரின் பணத்தை. இளகிய களியில் கரை போட்டவர்களுக்குத் தெரியும். இன்றைக்குக் கொட்டிய மண் நாளைக் காலையில் இருக்காது. பக்கத்து வயலில் சேறு மேடாக எழும்பி நிற்கும். இங்கிலாந்தில் லிவர்பூல் - மான்செஸ்டர் பாதை போட்டபோது 'சாட் மாஸ்' என்ற பாசிச் சதுப்பு இப்படித்தான் மண்ணைத் தின்றது. ஜார்ஜ் ஸ்டீபன்சன் கடைசியில் சண்டையை விட்டார். சுள்ளித் தட்டிகளையும் புதர்க் கட்டுகளையும் பாய் போல விரித்து, அதன்மேல் பாதையை மிதக்க விட்டார். 1830-ல் திறந்த அந்தப் பாதையில் இன்றும் ரயில் ஓடுகிறது.

நம் ஊர்க் கதை அவ்வளவு பெருமையானது அல்ல. வங்காளத்தில் போதிய சிறுபாலங்கள் விடாமல் ரயில் கரைகளையும் சாலைகளையும் குறுக்கே போட்டதால் வெள்ளம் வடியாமல் நின்று மலேரியா பெருகியது என்று, அன்றைய மாகாண சுகாதார அதிகாரி பென்ட்லி 1920-களிலேயே வாதாடினார். செத்த சதுப்பை உண்டாக்க மந்திரவாதி தேவையில்லை. கஞ்சத்தனமான ஓர் எஸ்டிமேட் போதும்.

இதையெல்லாம் இங்கே எழுதக் காரணம் உண்டு. எங்கள் அடுக்குமாடி வளாகத்தின் பின்புறம் ஒரு ஜலா இருக்கிறது. இரண்டு பக்கம் ஹோக்லாக் கோரை, நடுவில் ஆகாயத்தாமரை, காலையில் நாலைந்து கொக்கு. அதை இடிபாட்டு மண் போட்டு மூடி, கார் நிறுத்தவும் குழந்தைகள் விளையாடவும் இடம் செய்யவேண்டும் என்று குடியிருப்போர் மனு ஒன்று சுற்றி வந்தது. கையெழுத்துப் போட்டவர்களில் நம் தமிழர்களும் உண்டு. கொசு, பாம்பு, நாற்றம் என்று மூன்று காரணம் எழுதியிருந்தார்கள். பேரனின் சிநேகிதன் ஒருவன் நாலாவது காரணம் சொன்னான்: "உள்ளே பிணம் இருக்கும்."

பிள்ளை சொன்னதைச் சிரித்து விட்டுவிடலாம். பெரியவர்கள் எழுதியதை அப்படி விட முடியாது. அந்த ஜலா மூடப்பட்டால் ஆடி மாத மழை எங்கே போகும்? கல்கத்தாவின் தரை (பழக்கத்தில் அப்படியே எழுதுகிறேன்) ஹூக்ளிப் பக்கம் சரியவில்லை. கிழக்கே, சதுப்புப் பக்கம் சரிகிறது. நகரத்தின் கழிவு நீரும் அந்தப் பக்கம்தான் போகிறது. அங்கே பேரி என்கிற ஆழமில்லாத மீன் குளங்களில் அதைப் பரப்பி விடுகிறார்கள். வெயிலில் பாசி வளர்ந்து நீருக்குப் பிராணவாயு தருகிறது, கிருமிகள் அழுக்கைப் பிரிக்கின்றன, பாசியை ரோகுவும் கட்லாவும் தின்கின்றன. கரையை அலை அரிக்காமலிருக்க ஓரமாக ஆகாயத்தாமரையை வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். இதைக் கண்டுபிடித்தவர்கள் மீனவர்களும் விவசாயிகளும். இதன் அருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் துருவஜ்யோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர், 2018-ல் காலமானார். 12,500 ஹெக்டேர் கொண்ட அந்தப் பகுதி 2002-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சின்னக் குளங்களுக்கும் காவல் உண்டு. மேற்கு வங்காள உள்நாட்டு மீன்வளச் சட்டம் (1984) ஐந்து கட்டாவும் அதற்கு மேலும் உள்ள நீர்நிலையை மூடுவதைத் தடை செய்கிறது. நான் மனுவில் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் சட்டத்தையும் சொன்னேன், சரிவையும் சொன்னேன். பள்ளிக்கரணையைச் சுற்றி வீடு வாங்கிய உறவினர் இல்லாத குடும்பம் நம்மில் குறைவு. 2015 டிசம்பரில் அவர்கள் போன் செய்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

பிள்ளைகள் மாயக் கதை படிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை; தாராளமாகப் படிக்கட்டும். என் குறை, அந்தக் கதாசிரியர்களின் கற்பனை போதவில்லை என்பதே. நடந்தது நடந்தபடியே சுந்தரவனத்தைச் சொன்னால் எந்த மந்திரக் காடும் அதன் அருகில் நிற்காது. சேற்றிலிருந்து ஈட்டி போல மேல்நோக்கி வேர் விட்டு மூச்சு வாங்கும் சுந்தரி மரம். தாய் மரத்தில் தொங்கும்போதே விதை முளைத்து, நீண்ட காய் போல் சேற்றில் குத்தி நிற்கும் கண்டல். பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கலங்கடிக்கும் கேவா மரம். இந்தக் கேவா யார் தெரியுமா? சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த நம் தில்லைதான். பிச்சாவரத்தில் நிற்பதே இங்கேயும் நிற்கிறது. ஊரை விட்டு வந்தோம் என்று அங்கலாய்க்கிறவர்கள் கானிங் லோக்கல் ஏறிப் போய்ப் படகு பிடித்து அதை ஒரு தரம் பார்த்து வரலாம்.

சங்கத்துக்கு ஒரு யோசனை. பொங்கல் விழாவின் ஓவியப் போட்டியில் வருஷா வருஷம் கரும்பும் பானையும் மயிலும் வருகின்றன. இந்த முறை பத்து வயதுக்கு மேற்பட்ட பிரிவுக்கு 'ஒரு கற்பனைச் சதுப்பு' என்று தலைப்புக் கொடுங்கள். பூதம், மோதிரம், பேசும் தவளை எது வேண்டுமானாலும் போடட்டும். நிபந்தனை இரண்டுதான். தண்ணீர் எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போகிறது என்று அம்புக்குறி போட்டிருக்கவேண்டும். உயிரோடிருக்கும் செடி மூன்றாவது பெயரோடு எழுதியிருக்கவேண்டும். தமிழ்ப் பெயரானாலும் வங்காளிப் பெயரானாலும் சரி. பரிசுப் பணத்தை என் பென்ஷனிலிருந்து தருகிறேன். செயலாளர் என்னோடு பேசினால் போதும்.